தோழிக்குத் தெரியாத தமிழ்

தோழிக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்லித்தான் அதை எங்கள் தலையில் கட்டினார்கள்.

குமாரபாளையம் மகப்பேறு உதவி மையத்தின் குறைதீர் அலுவலர் நான். பெயர் தாமரைச்செல்வி. மையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், பழைய குடும்ப நலக் கட்டடம்தான். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் வாசல் சுவரில் அந்தச் சிவப்பு முக்கோணம் லேசாக எட்டிப் பார்க்கும். பக்கத்தில் ‘நாம் இருவர் நமக்கு’ வரைக்கும் படிக்கலாம். மீதியை ஏ.சி. பெட்டி மறைத்துவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் வட்டாரத்தில் பிறப்பு குறைந்ததற்காக மேலதிகாரிக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். இப்போது பிறப்பே இல்லையென்று அதே கட்டடத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருக்கிறோம். நாற்காலிக்கு மட்டும் புது ரெக்ஸின் போட்டிருக்கிறார்கள்.

பிசைந்த கைக்கு வந்த மருந்தின் பெயர் துளிர். ஒரே ஊசி. அடைபட்டுப் போன கருக்குழாய்க்குள் புதுச் சவ்வு வளர்த்து வழியைத் திறந்துவிடும். பல நாடுகள் சேர்ந்து தொடங்கிய சர்வதேச மகப்பேறு நிதியம் அதை இலவசமாகக் கொடுக்கிறது. தலைமையகம் நைரோபியில். ஊசி கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை எங்களிடம் விட்டால் சொந்தக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் குத்திவிடுவோம் என்று நிதியத்துக்குச் சந்தேகம். சந்தேகத்தில் தப்பில்லை. அதனால் தோழி வந்தது.

தோழி ஒரு பேசும் இயந்திரம். ஒரு சின்ன அறை, ஒரு திரை, தேன் தடவிய ஒரு பெண் குரல். கணவன் தனியாக, மனைவி தனியாக உள்ளே போக வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்கும். முதலில் பேச்சை எடை போடும். தம்பதி சேர்ந்து வாழ்கிறார்கள், பிள்ளைக்கு முயல்கிறார்கள் என்று அதற்குத் திருப்தி ஏற்பட்டால்தான் ரத்தத்தைச் சோதிக்கும். பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது முடிந்துவிட்டால் ஊசி கிடையாது.

ஆனி மாதத்தில் ஒரு காலை பூபதியும் கோகிலவாணியும் வந்தார்கள். பூபதி சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர், கோகிலவாணி நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை. அவர் முன்னால் விறுவிறுவென்று வந்து போனை என் மேஜைமேல் வைத்தார். அவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

“உங்க மெசின் என்ன சொல்லுதுன்னு நீங்களே படிங்க மேடம். என்ற வாயால படிக்கக் கூசுது.”

படித்தேன். ‘தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. தங்கள் துணைவியார் மாதந்தோறும் இல்லத்தினின்று தொலைவில் தங்குவதாகத் தெரிவித்துள்ளார். இணைந்து வாழாத் தம்பதியர் இத்திட்டத்தின்கீழ் வாரார்.’

“அவளே சொல்லியிருக்கறாளாம்” என்றார் பூபதி. “நான் ராத்திரி வேலைக்குப் போறவன். வூட்ல யாரு இருக்கறா, இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்? மாசம் ஒருக்கா சங்ககிரிக்கு அக்கா வூட்டுக்குப் போறேன்னு போவா. அக்கா வூடுதானான்னு இப்பத்தான் கேக்கத் தோணுது.”

“நான் அப்படி ஒண்ணும் சொல்லலீங்க மேடம்” என்றாள் கோகிலவாணி. அழுது ஓய்ந்த குரல். “எத்தனையோ தடவை சொல்லிட்டேன். மெசினு பொய் சொல்லுமாங்கறாங்க எல்லாரும்.”

மனைவி சம்மதித்தால் அவள் பேட்டியை நான் போட்டுக் கேட்கலாம். பூபதியை வெளியே இருக்கச் சொன்னேன். அவள் தடுத்தாள். “அவரும் கேக்கட்டுங்க. ஒளிக்க என்ன இருக்குது?”

பதிவில் முதலில் தோழியின் குரல் வந்தது. “தாங்கள் கருவுற்ற அனுபவம் உண்டா?”

“விசேஷம் ஒண்ணுமே இல்லீங்க.”

“நல்லது. சிறப்பாகக் குறிப்பிட ஏதுமில்லை. தாங்களும் துணைவரும் ஒரே இல்லத்தில் வசிக்கிறீர்களா?”

“ஆமாங்க, கல்யாணமாயி பதினோரு வருசமாச்சு. ஒவ்வொரு மாசமும் இந்தத் தடவையாச்சும் நிக்குமான்னு பாக்கறது. கரெக்டா வூட்டுக்குத் தூரமாயிடறேன்.”

“இல்லத்திலிருந்து தொலைவு. எத்தனை நாள்?”

“அது எப்பவும்போல நாலஞ்சு நாளுங்க.”

“புரிந்தது. தங்கள் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்தும்விட்டேன். பூபதிக்கும் புரிந்துவிட்டது. காது மடல் சிவந்து, மேஜைமேல் கிடந்த போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இந்த ஊரில் எந்தப் பெண் ‘மாதவிடாய்’ என்று வாயால் சொல்கிறாள்? தூரம் என்பாள், தலைக்கு ஊத்திக்கிட்டேன் என்பாள். அதைக் கேட்டு ஒரு இயந்திரம் அவளைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டது.

கோகிலவாணி மட்டும் சிரிக்கவில்லை.

“இதுக்குத்தானுங்களா மாமா, உங்க சிநேகிதனை என்ற பொறத்தாலயே பஸ்ஸுல அனுப்புனீங்க? இதுக்குத்தானுங்களா அத்தை சங்ககிரிக்குப் போன் போட்டு, எங்கக்கா வூட்டுக்காரருகிட்டயே, ‘உங்க வூட்ல எந்த ரூம்ல படுக்கறா’ன்னு கேட்டாங்க? நான் இனி அந்த வூட்டுப் படியேற முடியுமா?”

பூபதி சுவரைப் பார்த்தார்.

“மேடம்” என்று என் பக்கம் திரும்பினாள். “வர்ற ஆவணியோட எனக்கு முப்பத்தெட்டு முடியுது. அதுக்குள்ள எனக்கு ஊசி வேணுமுங்க. அதுக்கு முன்னால இந்த மெசேஜு தப்புன்னு உங்க ஆபீஸே எழுதிக் குடுக்கணும். நாஞ் சொன்னா நம்ப மாட்டாங்க, மெசினு சொன்னாத்தான் நம்புவாங்க.”

வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சின்ன வேலை என்று நினைத்தேன்.

தோழிக்குத் தமிழ் கற்றுக்கொடுத்த சொற்குழுவின் தலைவர் பேராசிரியர் அறவாழி. தோழி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் சுருங்கியது.

“அது இழிவழக்கு அம்மா. அச்சில் ஏற்றத் தகாத சொற்களையெல்லாம் குழு ஒருமனதாக நீக்கிவிட்டது.”

“பெண்கள் அப்படித்தானே சார் பேசுறாங்க?”

“வீட்டுக்குள் பேசட்டும். ஓர் அனைத்துலகக் கருவியின் முன்னால் பேசலாமா? தமிழைப் பற்றி என்ன நினைப்பார்கள்?”

“பிள்ளை இல்லைன்னு கேட்டு வர்றவ இலக்கணம் பார்த்தா பேசுவா? சரி, அதை நீக்கிட்டீங்க. ‘தூரம்’னதும் வெளியூர்ல தங்குறான்னு அது எப்படி முடிவு பண்ணுச்சு?”

அவருக்கு இப்போது பெருமை வந்துவிட்டது. “அது நான் சேர்த்த பண்பாட்டு நுட்பம். ஆடி மாதம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? இங்கே மனைவி அவ்வப்போது பிரிந்து வாழ்வாள் என்று தோழிக்குக் கற்பித்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் அசந்துபோனார்கள்.”

“குழுவில பெண்கள் எத்தனை பேர் சார்?”

“தட்டச்சு செய்த அம்மையார் ஒருவர் இருந்தார்.”

இவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அந்தப் பெண் சொன்னதன் பொருள் இன்னதென்று ஒரு சான்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கொடுத்தார். ஆனால் ‘தூரம்’ என்ற சொல்லை எழுத அவருக்குக் கை வரவில்லை. ‘விண்ணப்பதாரர் குறிப்பிட்டது மாதவிலக்கு’ என்று எழுதினார். அதை மேல்முறையீட்டில் சேர்த்து அனுப்பினேன். தோழி உடனே பதில் போட்டது: ‘விண்ணப்பதாரர் மாதந்தோறும் விலக்குக் கோருகிறார். விதிகளில் விலக்கு அளிக்க இடமில்லை.’

திரையை உடைத்துவிடலாமா என்றிருந்தது. உடைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

நேராக நைரோபிக்கே போனேன், திரை வழியாகத்தான். குறைதீர் பிரிவின் தலைவர் டாக்டர் அக்கினி. நெருப்பு இல்லை, அவர்கள் ஊரில் அது விடியற்காலையில் பிறந்த பெண்ணுக்கு வைக்கும் பெயராம். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம். ‘தூரம்’ என்ற ஒரு சொல்லை விளக்க எனக்கு வெகுநேரம் பிடித்தது. நான் சிரித்த இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

“உங்கள் வட்டாரத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் முன்மாதிரி என்று காட்டிக்கொண்டிருக்கிறோம்” என்றார். “பிள்ளையின்மை அங்கே மிகவும் குறைவாம். மனைவிமார் அடிக்கடி ஊருக்குப் போய்விடுவதால்தான் பிறப்பு குறைந்திருக்கிறது என்று ஒருவர் கட்டுரையே எழுதிப் பரிசு வாங்கிவிட்டார்.”

“ஆராய்ச்சி பண்றவங்க ஒரு பொம்பளைகிட்டயாவது கேட்டிருக்கலாமே டாக்டர்?”

“கேட்டார்களே, தோழி மூலமாக.” பெருமூச்சு விட்டார். “இது புதிதில்லை செல்வி. எங்கள் கண்டத்தின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பிள்ளையில்லாத பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் தொற்றுநோய், நேரத்துக்கு மருந்து கொடுத்திருந்தால் பலருக்குத் தீர்ந்திருக்கும். ஆனால் உலகம் அப்போது எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது, பெருகிவிடுவோம் என்று. பெட்டி பெட்டியாகக் கருத்தடை வந்து இறங்கியது. பிள்ளையில்லாதவளுக்கு நீட்ட அந்தப் பெட்டியில் ஒன்றும் இல்லை.”

“இங்கேயும் அதே பெட்டிதான்.”

“பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். ஒரு வருடம் பிள்ளையில்லாவிட்டால் குறை என்றார் வைத்தியம் பார்க்கிறவர். இரண்டு வருடம் என்றார் இன்னொருவர். ஜனத்தொகை எண்ணுகிறவர் ஐந்து என்றார். கணவன் வேறு ஊரில் இருந்தால் அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று வேறு சண்டை. இவர்கள் பேசி முடிப்பதற்குள் அந்தப் பெண்களுக்கு வயதாகிவிட்டது.”

தோழியைத் திருத்துவதாக அவர் ஒப்புக்கொண்டார். கோகிலவாணிக்கு மட்டும் இல்லை, தமிழில் பதிவான அத்தனை பேட்டிகளையும் மறுபடி கேட்க வைப்பதாகச் சொன்னார். எனக்கு அந்த அம்மாள்மேல் மரியாதை பிறந்தது. அவர் எழுதிய ஒரு விதியால் முன்பே கொஞ்சம் மரியாதை உண்டு. குறை யார் உடம்பில் என்று தெரிந்தால் அந்த ஆளுக்கு மட்டும்தான் தெரிவிக்க வேண்டும், கணவன் மனைவிக்குள்கூட மூச்சு விடக்கூடாது என்பது விதி. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருமகளைத் துரத்திய வீடுகளை அவர் நேரில் பார்த்தவர். மீறுகிற ஊழியருக்கு வேலை கிடையாது.

ஆடியில் பாதிக்கு மேல் எனக்கு இதே வேலை. தையல் யூனிட், தறிப்பட்டறை, ரேஷன் கடை வரிசை என்று போய் நின்று பெண்கள் பேசும் சொற்களைப் பொறுக்கினேன். ‘எதுக்குங்க மேடம் இதெல்லாம்’ என்று வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கொட்டினார்கள். தோழி அதுவரை செய்திருந்த கூத்தெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ‘முழுகாம இருந்தேன், மூணாம் மாசம் கலைஞ்சிருச்சு’ என்று அழுத ஒருத்திக்கு, தினமும் குளிப்பதன் நன்மைகள் பற்றிக் குறுஞ்செய்தி போயிருந்தது. அதை அவள் அழிக்காமல் வைத்திருந்து எனக்குக் காட்டினாள்.

திருத்தம் ஏறியதும் தோழி ஒரே மத்தியானத்தில் எல்லாப் பேட்டிகளையும் மறுபடி கேட்டு முடித்தது. முன்மாதிரி வட்டாரம் என்ற பெயர் போய்விட்டது. எங்கள் மையத்துக்கு முதல் தடவையாகத் துளிர் ஊசிகள் குளிர்பெட்டியில் வந்து இறங்கின. கோகிலவாணிக்கு வயது முடிகிற ஆவணி பிறக்க இன்னும் நாளிருந்தது. முதலில் அவள் பெயரைத்தான் தேடினேன்.

அவள் பெயருக்கு எதிரே ஊசி இல்லை. ‘கருக்குழாய் சீர். கருப்பை சீர். குறை ஏதுமில்லை’ என்று இருந்தது.

கீழே பூபதியின் முடிவு. இந்தத் தடவை அவர் ரத்தத்தையும் தோழி சோதித்திருந்தது. உயிரணு உற்பத்தி அறவே இல்லை. காரணமும் அவர் வாயாலேயே வந்ததுதான். சின்ன வயதில் வந்த நோய்களைத் தோழி கேட்டபோது, ‘ஒம்பதாவது படிக்கறப்பப் பொன்னுக்கு வீங்கி வந்து ரொம்பச் சிரமப்பட்டனுங்க’ என்று சொல்லியிருக்கிறார். கன்னமும் தாடையும் வீங்குமே, அந்தக் காய்ச்சல். வளர்ந்த பையன்களுக்கு வந்தால் சிலருக்கு விதையில் இறங்கி உயிரணுவையே அழித்துவிடும். பழைய தோழி அதை ‘விண்ணப்பதாரருக்குப் பொன்மீது ஆசை மிகுதி’ என்று குறித்து வைத்திருந்தது.

ஆண்களுக்குத் துளிர் கிடையாது. பிறப்பைத் தடுக்க வேண்டுமென்றாலும் பெண் உடம்பு, வரவழைக்க வேண்டுமென்றாலும் பெண் உடம்பு என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பழகிவிட்டது. பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் வேறு வழிகள் இருக்கின்றன. அவை இவர்களுக்கு எட்டாத தூரம்.

செய்திகள் அவரவர் போனுக்குப் போயின. பூபதிக்குப் போனதில் எல்லா விவரமும் இருந்தது. கோகிலவாணிக்குப் போனது இது: ‘தாங்கள் இல்லத்தினின்று தொலைவில் தங்குவதாகக் குறித்தது பிழை. அது நீக்கப்படுகிறது. வருந்துகிறோம். தங்களுக்கு இச்சிகிச்சை பயன் தராது.’

உடனே அறவாழியைக் கூப்பிட்டேன்.

“குறை இல்லைன்னு எழுதாம, பயன் தராதுன்னு எழுதியிருக்கீங்களே, படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“உங்களுக்குக் குறையில்லை என்று அவருக்கு எழுதினால் கணவரிடம்தான் குறை என்று தெரிந்துவிடுமே அம்மா. விதியை மீறியதாகாதா? இந்தச் சொற்றொடரில் பொய்யும் இல்லை, உண்மையும் வெளிப்படவில்லை. மிகவும் யோசித்து அமைத்தேன்.”

டாக்டர் அக்கினியிடமும் கெஞ்சிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஓர் ஆணுக்காக அந்தக் கதவைத் திறந்தால், நாளைக்கு ஆயிரம் மாமியார்கள் அதே கதவு வழியாக உள்ளே வருவார்கள். அவரே மனைவியிடம் சொல்லட்டும். அவகாசம் கொடுங்கள்.”

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஆவணி பிறந்து கோகிலவாணி வந்தாள். தனியாக. தானே தைத்த நைட்டி ஒன்றைப் பேப்பரில் சுற்றி என் மேஜைமேல் வைத்தாள். வேண்டாம் என்றதற்கு, “என்ற பேரைக் காப்பாத்திக் குடுத்தீங்க. அக்கா வூட்டுக்கு மறுக்காப் போயிட்டு வந்தனுங்க” என்றாள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போகாமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கணுமுங்க. பயன் தராதுன்னா என்னங்க அர்த்தம்? ஊசி போட்டும் பிரயோசனம் இல்லாத அளவுக்கு எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு மோசமுங்களா?”

இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறவள் நான். விதியின் நியாயமும் எனக்குத் தெரியும், அதனால் பிழைத்த பெண்களையும் தெரியும். ஆனால் என் எதிரில் இருந்தவள், நன்றாக இருக்கிற தன் உடம்பைக் குற்றவாளி மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

“கோகிலா, உனக்கு ஒரு குறையும் இல்ல. ஊசி வேண்டாத அளவுக்கு உன் உடம்பு நல்லா இருக்கு. அதனாலதான் பயன் தராதுன்னு வந்திருக்கு.”

அவள் என்னையே பார்த்தாள். நான் சொன்னது அவளுக்குள் போய் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்காருவது தெரிந்தது. ‘அப்பறம் யாருக்குங்க?’ என்று அவள் கேட்கவேயில்லை.

“அவருக்குத் தெரியுங்களா?”

“தெரியும். உனக்கு மெசேஜ் வந்த அன்னைக்கே அவருக்கும் வந்துச்சு. விவரமா வந்துச்சு.”

“அன்னைக்கேங்களா?”

“அன்னைக்கேதான்.”

தலைப்பைத் திருகுவதை நிறுத்திவிட்டாள். மறுபடி பேசியபோது குரலில் அழுகை இல்லை.

“அன்னைக்குச் சாயங்காலந்தானுங்க எங்கத்தை பேச்செடுத்தாங்க, இனி இவளை வெச்சுட்டு என்ன பண்றது, வேற பொண்ணு பாக்கலாம்னு. சொந்தக்காரங்க பூரா இருந்தாங்க. இவரு எந்திரிச்சாரு. ‘அவகிட்டக் குறை இருந்தா இருந்துட்டுப் போகட்டும், கட்டுனவளை நான் உட மாட்டேன்’னாரு. எங்கம்மா அழுதே போட்டாங்க, சாமி மாதிரி மாப்பிள்ளைன்னு.”

“நீ என்ன பண்ணினே?”

“அத்தனை பேருக்கு முன்னால அவரு கால்ல உழுந்து கும்புட்டனுங்க மேடம்.”